ஷெம்சாவின் சாவு அறிவிப்பு

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஷெம்சா தன்னுடைய சாவு அறிவிப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வந்து ஃப்ரானோவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஃப்ரானோ அப்போது பிளம் பழங்களைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம் போலீஸில் குற்றப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாதவர். போரின்போது ஒரு பீரங்கிக் குண்டு அவர் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, வெடிக்காமல் மேசைக்கடியில் உருண்டு நின்றது. அவர் சூப்பைக் குடித்து முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனார் என்று எங்கள் வர்பிட்சாவில் சொல்வார்கள். தட்டைக் கழுவவில்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. குண்டைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

ஊரில் ஆற்றுக்கு ஒரு கரை முஸ்லிம்கள், மறு கரை செர்பியர்கள். ஃப்ரானோ ஒருவர்தான் இரண்டிலும் சேராத குரோவாசியர். இரண்டு பக்கமும் அவரை ஒரே அளவுக்குச் சந்தேகப்பட்டதால், இரண்டு பக்கமும் அவரிடம்தான் வந்தார்கள்.

ஷெம்சா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காப்பி வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, அந்தத் தாளை மேசையில் வைத்தாள். யாராவது இறந்தால் தாளில் அச்சடித்து மரத்திலும் மின்கம்பத்திலும் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். முஸ்லிம் என்றால் பச்சைக் கரை, கிறிஸ்தவர் என்றால் கறுப்புக் கரை. தூரத்திலிருந்தே நிறத்தைப் பார்த்து, வருத்தப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம். இது பச்சைக் கரை போட்ட தாள். பாலத்தடி மரத்தில் விடிகாலையில் இருந்ததாம். ஃப்ரானோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘ஷெம்சா, வயது ஐம்பத்திரண்டு, இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். வரும் வெள்ளிக்கிழமை பகல் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். துயரத்தில் வாடுவோர்: கணவர் ஹாலித், மகன் செனாத், மகள் மிர்சேதா, மற்றும் உறவினர், அயலார்.’

ஹாலித் பெயர் வந்த இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, போர் தொடங்கிய ஜூன் மாதத்தில், துப்பாக்கி வைத்திருந்த சிலர் ஹாலிதையும் இன்னும் பதினோரு ஆண்களையும் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் திரும்பவில்லை. எலும்புகூடக் கிடைக்கவில்லை. எட்டு வருடம் அகதியாக அலைந்துவிட்டு, போர் முடிந்து ஊர் திரும்பிய முதல் முஸ்லிம் குடும்பம் ஷெம்சாவுடையது. அவளைப் பார்த்துத்தான் மற்ற பதினோரு குடும்பங்களும் வந்தன. ஹாலிதைப் பற்றி அவள் ஒரு நாளும் ‘இருந்தார்’ என்று சொன்னதில்லை. ‘ஹாலிதுக்குப் பூண்டு ஆகாது’, ‘ஹாலித் இந்தக் கதவைச் சரிபண்ணணும்’ என்றுதான் பேசுவாள். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

“அவர் பேரையும் விட்டு வைக்கல,” என்றாள் ஷெம்சா.

போலீஸுக்குப் போனாளா என்று ஃப்ரானோ கேட்டார். போனாளாம். வெறும் தாள்தானே, தாள் கடிக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மகன் செனாத் வியாழக்கிழமை மூன்று மணிக்கு லாரி பேசிவிட்டான். அவள் போனால் மற்ற பதினோரு வீடும் அந்த வாரமே காலியாகும். அது அவளுக்கும் தெரியும்.

“சாகறதுக்கு எனக்குப் பயமில்ல, இன்ஸ்பெக்டரே. நாள் முழுக்க அந்தச் சமையற்கூடத்துல நிக்கிறேன். பத்தொன்பது பொம்பளைங்க, பத்தொன்பது கத்தி. நேத்து வரைக்கும் காயைப் பார்த்து நறுக்கினேன். இன்னிக்குப் பக்கத்துல இருக்கிறவ கையைப் பார்த்துக்கிட்டு நறுக்கினேன். இப்படி எத்தனை நாள் நறுக்க முடியும், சொல்லுங்க.”

அவள் விரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. ஃப்ரானோ அதைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை மூன்று மணி வரை அவகாசம் கேட்டார்.

அந்தச் சமையற்கூடம் வடக்கே ஏதோ ஒரு குளிர் நாட்டின் சமாதான நிதியில் நடப்பது. இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, விழுதாகக் கிளறிக் குப்பியில் அடைப்பார்கள். ஒரே பாத்திரத்தைக் கிளறினால் மனமும் கலக்கும் என்பது அந்த நாட்டார் கணக்கு. அது பொய்யாகவில்லை. உப்பு எவ்வளவு என்பதில் தொடங்கிய சண்டை ஆறு மாதம் நடந்ததில் இரண்டு பக்கமும் போரையே மறந்துவிட்டன. உப்புச் சண்டையில் ஷெம்சாவுக்கு எதிராக நின்றவள் ரதோய்கா என்ற செர்பிய விதவை. இப்போது இருவரும் ஒருத்தி இல்லாமல் மற்றவள் மூடியைத் திருகுவதில்லை.

ஷெம்சா போன பத்தாவது நிமிடம் யாகொடா வந்து சேர்ந்தாள். தபால்காரி, நாற்பது வயது, செர்பியப் பெண். உறையைத் தடவிப் பார்த்தே உள்ளே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லிவிடுவாள். கெட்ட செய்தியாக இருந்தால் கூடவே ஒரு துண்டு கேக்கும் கொண்டு போவாள். ஃப்ரானோ ஓய்வு பெற்ற நாளிலிருந்து, அவர் கேட்காமலேயே அவருக்கு உதவியாளர் ஆகிவிட்டவள்.

“ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தலைவரே.”

“இன்னும் தாளையே நீ பார்க்கலையே.”

“பார்த்தா குழப்பம்தான் வரும். நெதெல்கோதான். வேற யாரு?”

நெதெல்கோ ரதோய்காவின் கொழுந்தன். போரில் துப்பாக்கி தூக்கியவன். ஷெம்சா எதிரே வந்தால் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவான். மழையில் சேற்றில் இறங்கியும் போயிருக்கிறான். நான்கு வருடத்தில் அவள் முகத்தை ஒரு முறை கூட நேராகப் பார்த்ததில்லை. அண்ணி அந்தச் சமையற்கூடத்துக்குப் போகக்கூடாது என்று வாசலில் நின்று கத்தியதை ஊரே கேட்டது. யாகொடாவின் கணக்கில் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

புதன்கிழமை காலை அந்தக் கணக்கு உடைந்தது. தேவாலயத்து வாசல் மின்கம்பத்தில் கறுப்புக் கரையோடு, சிலுவையோடு, இரண்டாவது தாள் இருந்தது.

‘ரதோய்கா, வயது ஐம்பத்தைந்து. வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு நல்லடக்கம். துயரத்தில் வாடுவோர்: மகன் போரோ, மருமகள் ஸ்லாஜானா, கொழுந்தன் நெதெல்கோ, மற்றும் உறவினர், அயலார்.’

இப்போது இரண்டு கரைக்கும் பயம் சமமாகப் பங்கு கிடைத்தது. பச்சைத் தாளை ஒட்டியது செர்பியர்கள்தான் என்று முஸ்லிம் கரை சொன்னது. கறுப்புத் தாள் அதற்கு முஸ்லிம்கள் கொடுத்த பதில் என்று செர்பியக் கரை சொன்னது. மதியத்துக்குள் கடையில் மாவு தீர்ந்தது. பிறகு உப்பு, பிறகு மெழுகுவர்த்தி, பிறகு பேட்டரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எந்த வரிசையில் தீர்ந்ததோ அதே வரிசை. கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு, மனைவி குழந்தைகளுக்குப் பஸ் டிக்கெட் வாங்கப் போனார். சிலர் தோட்டத்தில் பிளம் மரத்தடியில் தோண்டினார்கள். என்ன நடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் நடவில்லை, போருக்குப் பிறகு புதைத்து வைத்த துப்பாக்கிகளை எடுத்தார்கள். ஊர் நாய்கள் எல்லாம் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தித்தான் குரைத்தன. மேல்தெருக் கிழட்டு நாய் ஒன்று குரைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

ஃப்ரானோ முதலில் சமாதான நிதியின் அலுவலகத்துக்குப் போனார். அது சமையற்கூடத்தின் மாடியில் ஒரு அறை. ஒருங்கிணைப்பாளன் ஸ்லாத்தான், முப்பது வயது, செனிட்சா நகரத்துக்காரன். முன்பு இருந்தவர் வேறு நாட்டுச் சமாதானத்தைக் கவனிக்கப் போய்விட்டதால், மே மாதம்தான் வந்தான். நல்ல பையன். மிளகாய் மூட்டை தூக்குவான், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவான், வாரம் இரண்டு நாள் வருவான். பெண்கள் அவனுக்கு மாறி மாறிச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததில் நான்கு மாதத்தில் இரண்டு இடுப்புப்பட்டை மாற்றியிருந்தான்.

அவன் முகம் வெளுத்திருந்தது. தலைமையகத்துக்கு எழுதிவிட்டானாம். நாளைக்கே ஹென்ரிக் என்ற அதிகாரி வருகிறாராம். ஷெம்சா அக்காவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அவங்க வீட்டில் ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்களே, ஆனால் ரதோய்கா அக்காவைத்தான் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னான். ஃப்ரானோ தலையாட்டினார்.

சுவரில் நாட்டின் வரைபடம் ஒன்று இருந்தது. ஊர்களின் மேல் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. வர்பிட்சா மேலிருந்த மஞ்சள் புள்ளி மீது புதிதாக ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருந்தது.

“பச்சைன்னா நல்லதா?” என்று கேட்டார் ஃப்ரானோ.

“ரொம்ப நல்லது. சமாதானம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.”

“வந்த ஊருக்கு என்ன குடுப்பாங்க?”

ஸ்லாத்தான் கொஞ்சம் யோசித்தான். “ஒரு கேடயம். ஒரு விருந்து.”

அங்கிருந்து ஃப்ரானோவும் யாகொடாவும் நெதெல்கோ வீட்டுக்குப் போனார்கள். அவன் குளிர்காலத்துக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான். யாகொடா வேலிக்கு வெளியே, தேவைப்பட்டால் ஓட வசதியாக ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றாள். ஃப்ரானோ பச்சைத் தாளை நீட்டினார். நெதெல்கோ கோடரியை வைத்துவிட்டு வாங்கிப் படித்தான். படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் அதே வரியை மறுபடி படித்தான். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“இதை நான் எழுதல.”

“நீ எழுதினேன்னு நான் சொல்லலையே.”

“ஊர் சொல்லுது. நான் எழுதியிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டேன்.”

கோடரியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். அடுத்த வெட்டு கட்டையில் விழவில்லை, மண்ணில் விழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் யாகொடா கொதித்தாள். இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா, இன்னும் நன்றாக எழுதியிருப்பேன் என்கிறானே என்றாள். அண்ணியின் பெயரில் இரண்டாவது தாளை எழுதியது தன்மேல் சந்தேகம் வராமலிருக்க என்றாள். ஒருவேளை ஹென்ரிக்காகவும் இருக்கலாம், ஏனென்றால் போன வருடம் வந்தபோது அந்த ஆள் சூப்பில் ரொட்டியை முக்கவில்லை என்றாள். பாலத்தருகே ஃப்ரானோ நின்றார்.

“யாகொடா, ஒண்ணு கேக்கிறேன். போர்ல நீ இங்கதான் இருந்தே. ஹாலித் உயிரோட இருக்கார்னு நீ நம்புறியா?”

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள், ஸ்கூட்டரின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்ல, தலைவரே,” என்றாள் கடைசியில்.

“நானும் நம்பல. நம்மள்ல யாராவது நம்புறோமா?”

அன்று மாலை ஃப்ரானோ இரண்டு பெண்களையும் போய்ப் பார்த்து, ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர் வழக்கத்துக்கு மாறாக பிளம் பழத்தைத் தொடவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்த நாளில் அவர் இப்படி உட்கார்ந்து யாகொடா பார்த்ததில்லை. அவர் முகத்தில் பயம் இருந்தது. குண்டு வந்த நாளில் கூட இல்லாத பயம்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஃப்ரானோ கூப்பிட்டபடி எல்லோரும் சமையற்கூடத்தில் கூடினார்கள். அடுப்பில் கடைசிப் பாத்திரம் மெதுவாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு ஒரு பக்கம் ஷெம்சா, பக்கத்தில் ரதோய்கா. கதவோரம் நெதெல்கோ, தொப்பியைக் கழற்றாமல். நெடிய ஹென்ரிக், அவர் காதருகே மொழிபெயர்த்துச் சொல்ல ஸ்லாத்தான். கதவில் சாய்ந்து யாகொடா, யாரும் தப்பிக்க முடியாதபடி, அல்லது அப்படி நினைத்துக்கொண்டு. வெளியே லாரி முன்னதாகவே வந்துவிட்டது. செனாத் ஏணியையும் கயிற்றையும் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

ஃப்ரானோ இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டையும் எழுதினது ஒரே ஆள். பச்சைக்கு ஒருத்தன், பதிலுக்குக் கறுப்புக்கு இன்னொருத்தன்னு ஊர் நினைச்சுது. அப்படி இல்ல. ரெண்டு தாள்லயும் தப்பு இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரித் தப்பு. ரதோய்கா, உங்க தாளைப் படிங்க. யாரு விட்டுப்போச்சு?”

ரதோய்கா ஏற்கனவே இருபது முறை படித்தவள். “என் பேரன் லூக்கா. அவன் பேரை விட்டுட்டு இந்த ஊர்ல எவனாவது எனக்குச் சாவுச் சீட்டு எழுதினா, பெட்டியத் திறந்து எழுந்து வந்து அறைவேன்.”

லூக்கா பிறந்தது போன வருடம் இலையுதிர்காலத்தில். அன்றைக்குப் போரோ சந்தோஷத்தில் வானத்தை நோக்கிச் சுட்டதில் பாதிரியார் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார், இரண்டு வாத்துகள் சரணடைந்தன. குழந்தை பிறந்தது வர்பிட்சாவில் காது கேளாதவர்களுக்குக்கூடத் தெரியும்.

“சரி,” என்றார் ஃப்ரானோ. பிறகு ஷெம்சாவின் பக்கம் திரும்பினார். அவர் குரல் தாழ்ந்தது. “அம்மா, அடுத்ததை உங்க முன்னாடி சொல்ல எனக்கு மனசில்ல. சொல்லாம வேற வழியும் இல்ல.”

“சொல்லுங்க.”

“ஹாலித் பேரை உங்களை நோகடிக்கத்தான் போட்டிருக்காங்கன்னு நாம நினைச்சோம். நோகடிக்க நினைக்கிறவன் அவரைத் துயரப்படுறவங்க வரிசையில போட மாட்டான். அவர்கிட்டயே போய்ச் சேர்ந்தாங்கன்னு மேல எழுதியிருப்பான். இதை எழுதினவன் மனசுல நோகடிக்கிற எண்ணமே இல்ல. ஹாலித் எங்கயோ வேலைக்குப் போயிருக்கார், ஆஸ்திரியாவுல இருக்கார், வெள்ளிக்கிழமை வந்து அழுவார்னு நிஜமாவே நினைச்சு எழுதியிருக்கான். போர்ல இந்த ஊர்ல இருந்த ஒரு ஆளுக்கும் அந்த நெனப்பு வராது.”

ஸ்லாத்தான் இதுவரை வாக்கியம் வாக்கியமாக ஹென்ரிக்கின் காதில் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது அவன் குரல் கொஞ்சம் பின்தங்கியது.

“அப்போ எங்க தேடணும்? ஹாலித் வீட்டுல இருக்கிற, லூக்கா இன்னும் பொறக்காத ஒரு காகிதத்தை. நேத்து ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன்: வீட்டுல யார் யார்னு எழுதி எங்கயாவது குடுத்திருக்கீங்களான்னு. ரெண்டு பேரும் ஒரே இடத்தைச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் முன்ன, இங்க சேர்றப்ப குடுத்த படிவம்.”

ஷெம்சா மெல்லச் சொன்னாள். “அதுல ரெண்டு கட்டம்தான் இருந்துது. உயிரோடன்னு ஒண்ணு. இறந்துட்டார்னு ஒண்ணு. மூணாவது கட்டம் இல்ல. நான் எதுல குறி போடுவேன்?”

“அந்தப் படிவம் மாடியில பூட்டின அலமாரியில இருக்கு. சாவி ஒரே ஆள்கிட்ட. அந்த ஆளும் உங்களோட சேர்ந்து மிளகாய் மூட்டை தூக்கினவன்தான். ஆனா அவன் மே மாசம்தான் வந்தான். ஷெம்சா பேசுறதைக் கேட்டுக் கேட்டு, ஹாலித் இருக்கார்னு நம்பிட்டான். நேத்து என்கிட்டயே சொன்னான், அவங்க வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்கன்னு. லூக்காவை அவனுக்குத் தெரியும். ஆனா படிவத்தைப் பார்த்து எழுதுறவன் யோசிக்க மாட்டான், பார்த்து எழுதுவான்.”

மொழிபெயர்ப்பு நின்றுபோனது. ஹென்ரிக் குனிந்து, என்ன சொன்னார் என்று கேட்டார். ஸ்லாத்தான் வாயைத் திறந்தான், மூடினான். ரதோய்கா தனக்குத் தெரிந்த நான்கு ஆங்கிலச் சொற்களில் மூன்றைச் செலவழித்து, கரண்டியால் சுட்டிக் காட்டி விளக்கினாள். நான்காவது சொல் தேவைப்படவில்லை.

ஸ்லாத்தான் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு சொன்னான். ஊருக்குப் பச்சைப் புள்ளி விழுந்துவிட்டது, சமாதானம் வந்த ஊருக்குப் பணம் தர மாட்டார்கள், டிசம்பரோடு நிதி நிற்கும், அடுப்பு அணையும், பத்தொன்பது பேருக்கும் சம்பளம் இல்லை, தனக்கும் இல்லை. யாரையும் தொட நினைக்கவில்லை. இரண்டு தாள், ஒரு வாரப் பயம், மூன்று வருடத்துக்கு அடுப்பு எரியும் என்று கணக்குப் போட்டானாம். பிளம் மரத்தடியில் தோண்டுவார்கள் என்பது அவன் கணக்கில் வரவில்லை.

“நாங்க நல்லா இருக்கோம்னு ஆறு கடிதம் எழுதினேன்,” என்றான். “ஒண்ணுக்கும் பதில் இல்ல. பயமா இருக்குன்னு ஒரு வரி எழுதினேன். ரெண்டு நாள்ல ஆளே வந்துட்டாங்க.”

ரதோய்கா அவனை அடிக்கக் கரண்டியை ஓங்கினாள். யாகொடா குறுக்கே புகுந்தாள். கறுப்புத் தாள் மிளகாய் விழுதில் விழுந்தது. இந்தச் சந்தடியில் ஷெம்சா மட்டும் அசையவில்லை. அவள் ஃப்ரானோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு ஆளுக்கும் அந்த நெனப்பு வராதுன்னு சொன்னீங்க.”

நேற்று மாலையிலிருந்து ஃப்ரானோ பயந்துகொண்டிருந்த இடம் இதுதான்.

“எல்லாருக்கும் தெரியுமா?” அவள் யாகொடாவைப் பார்த்தாள். யாகொடா தரையைப் பார்த்தாள். ஷெம்சா ரதோய்காவைப் பார்த்தாள். ரதோய்கா கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “நாலு வருஷமா ஹாலித் ஹாலித்னு சொல்றேன். எல்லாரும் தலையை ஆட்டினீங்களே.”

வெளியே லாரிக்காரன் ஹாரனை ஒரு முறை அடித்தான். செனாத் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டில் ஏற்றியாகிவிட்டது, மணி மூன்று ஆகப் போகிறது என்றான். ஆள் பிடிபட்டுவிட்டான், இனிப் போக வேண்டியதில்லை என்று யாகொடா அவனிடம் கிசுகிசுத்தாள். அதனால் என்ன, எத்தனை பேர் மரத்தடியில் தோண்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தாயா என்று அவன் திருப்பிக் கேட்டான்.

ஃப்ரானோ கதவோரம் திரும்பினார்.

“நெதெல்கோ. நீ எழுதியிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டேன்னு சொன்னே. எப்படி எழுதியிருப்பே?”

நெதெல்கோவின் தாடை அசைந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தான். அங்கே காப்பிக் கடையில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே தொப்பியைக் கழற்றினான்.

“ஹாலித் பேர் இல்லாம எழுதியிருப்பேன்,” என்றான். “அவனைப் புதைச்சது நான்தான்.”

ரதோய்கா ஷெம்சாவின் தோளைப் பிடித்தாள். ஷெம்சா அந்தக் கையை எடுத்துவிடவில்லை.

பிறகு அவன் சொன்னது நீளமில்லை. மர அறுவை ஆலையில் ஒன்பது வருடம் ஒரே இயந்திரத்தின் இரு முனையில் நின்றவர்கள் அவனும் ஹாலிதும். அந்த ஜூன் மாதம் அவனைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். சுட்டது அவன் இல்லை. சுட்டவர்கள் மற்றவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கோ போனார்கள். ஓடப் பார்த்த ஹாலித் மட்டும் பைன் தோப்பில் விழுந்து கிடந்தான். அவனைத் தன் கோட்டில் சுற்றிப் புதைத்தான். அன்றிலிருந்து இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“சுட்டவங்கள்ல ரெண்டு பேர் இன்னும் அந்தக் கடையிலதான் காப்பி குடிக்கிறாங்க,” என்றான். “உன்னைப் பார்த்தா வாயத் திறந்துடுவேனோன்னு பயம். அதான் சாலையைக் கடந்துடுவேன்.”

யாகொடா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். அவளாகவே, யாரும் சொல்லாமல்.

ஷெம்சா எழுந்தாள். பாத்திரத்தை ஒரு முறை கிளறிவிட்டு அடுப்பை அணைத்தாள். செனாத்திடம், கட்டிலை இறக்கு, லாரிக்காரனுக்கு உள்ளதைக் கொடுத்து அனுப்பு என்றாள். அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். வார் இரண்டு முறை நழுவியது.

“எந்த இடம்?” என்று கேட்டாள்.

“ஆலைக்கு மேல, தோப்புக்குள்ள. கண்ணிவெடிப் பலகை தாண்டி. பயப்படாதே, அங்க வெடி எதுவும் இல்ல. அந்தப் பலகையை நட்டதும் நான்தான். யாரும் அவனை மிதிக்கக் கூடாதுன்னு.”

அவள் நிமிர்ந்தாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

“நாளைக்குக் காலைல கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுறியா?”

“இப்பவே வா, ஷெம்சா,” என்றான் நெதெல்கோ. “நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது.”